நான்கு வருடம் பிடுங்கிய தன்னம்பிக்கையை ஒரு மதியத்தில் திருப்பித் தர முடியுமா?

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், தாளாளர்களுக்கும், குறிப்பாக பிளேஸ்மென்ட் செல்லைக் கவனிக்கும் சார், மேடம் எல்லோருக்கும்,

வணக்கம். நான் அம்மாப்பேட்டைக்காரி. அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில் தமிழ் வழி, அப்புறம் உங்களுடையதைப் போன்ற ஒரு கல்லூரியில் பொறியியல், அதன் பிறகு 16 வருடமாக மென்பொருள் நிறுவன வேலை, டெஸ்டிங் பிரிவில், அதாவது மென்பொருளில் தப்பு தேடும் வேலை. கொஞ்ச வருடமாக வளாக நேர்காணலுக்கு ஆள் எடுக்கப் போகும் குழுவிலும் என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஆக உங்கள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் நான். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் துப்பட்டாவைத் திருகிக்கொண்டு, இப்போது அந்தப் பக்கம் ஏசிக்குக் கீழே, நீங்கள் வைக்கும் முந்திரி பிஸ்கட் தட்டோடு.

இதை எழுத வைத்தது போன மாதம் ஒரு கல்லூரியில் நடந்த ஒரு சின்ன விஷயம். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பெயரை மாற்றிப் போட்டால் உங்களில் பாதிப் பேருக்குப் பொருந்தும். நேர்காணலுக்கு முதல் நாள் மதியமே போய் லேப்பில் தேர்வுக்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தோம். பக்கத்து ஆடிட்டோரியத்தில் தன்னம்பிக்கைப் பயிற்சி. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், காதோரம் மைக், இறுதியாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எழுந்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "என்னால் முடியும்" என்று கத்தச் சொல்கிறார். சத்தம் பத்தவில்லை என்று மறுபடி கத்தச் சொல்கிறார். சுவர் அதிர்ந்தது. எங்களோடு வந்த தம்பி ஒருவன் சிரித்துவிட்டு, "அக்கா, நாளைக்கு எல்லாரும் சிங்கம் மாதிரி வரப் போறாங்க" என்றான்.

மறுநாள் காலை முதலில் உள்ளே வந்த பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. "உங்க ப்ராஜெக்ட்ல நீங்க எந்தப் பகுதியைச் செஞ்சீங்கம்மா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்த தன் துறைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். பதில் தெரியாமல் பார்த்த பார்வை இல்லை அது, பதில் சொல்லலாமா என்று கேட்ட பார்வை. 21 வயதுப் பெண், நேற்று மதியம்தான் நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து என்னால் முடியும் என்று கத்தியவள்.

அந்த ஒரு பார்வையைத்தான் நான் உங்களிடம் கொண்டுவருகிறேன். அதை யார் கற்றுக் கொடுத்தது?

நான் என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் உங்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று தோன்றாது. முதல் வருடம், இரண்டாவது வாரம். வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டேன், தமிழில். "இங்கிலீஷ்ல கேளு, இல்லன்னா உக்காரு" என்றார் ஆசிரியர். உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து ஒரு கேள்வி கேட்க இரண்டரை வருடம் ஆனது. அவர் கெட்டவர் இல்லை, சொல்லப் போனால் நன்றாகப் பாடம் நடத்துவார், பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் எனக்கு அங்கே புரிந்த பாடம் வேறு. தெரியாததைக் கேட்டால் இன்னொரு தெரியாதது வெளியே தெரிந்துவிடும், அதனால் பேசாமல் இருப்பது பத்திரம்.

அப்புறம் லேப். மெஷினைத் தொடாதே, உடைந்தால் யார் கட்டுவது. ரெகார்டு நோட்டில் ஒரு வரி பிசகினால் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு, திரும்ப எழுது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தப்பாகச் சொன்னால் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முன்னால் திட்டு. தமிழில் பேசினால் அபராதம் 10 ரூபாய், பையன்களோடு பேசினால் வீட்டுக்கு போன். கடைசி வருடம் வரும்போது ஒரு ப்ராஜெக்டைத் தானாகச் செய்து தப்பு பண்ணிப் பார்க்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு மிச்சம் இருக்கும்? ஊருக்குள் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் ப்ரோக்ராம், ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் சேர்த்துக் கையில் தருகிறார்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வைவாவுக்கு வருபவருக்கும் தெரியும். அப்படி வாங்கிய ஒன்றைப் பற்றி நான் கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை நடுங்காமல் என்ன செய்யும்? உண்மையைச் சொன்னால், நடுங்காமல் சரளமாகப் பேசுகிறவனைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

இப்படி நான்கு வருடம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கடைசி செமஸ்டரில் ஒரு மதியம் ஆள் கூப்பிட்டு அதைத் திருப்பித் தரப் பார்க்கிறீர்கள். அதுவும் மைக் வைத்து.

தன்னம்பிக்கை எப்படி வருகிறது என்று எனக்கு முதலில் காட்டியது எங்கள் தெருக் குழித்தறிதான். எட்டு வயதில் தார் சுற்ற, அதாவது ஊடு நூலைச் சின்னக் குழலில் சுற்றப் பழகினேன். நெசவுத் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முதல் வேலை. பதினோரு வயதில் தறியில் உட்காரணும் என்று அடம். வெண்பட்டுத் தறியில் அப்பா உட்கார விடவில்லை, ஒரு கறை பட்டால் வேட்டி போச்சு. மாமா வீட்டில் பருத்தித் துண்டு ஓடிக்கொண்டிருந்தது, அப்பா என்னை அங்கே உட்கார வைத்தார். நான் நாடாவை, அதாவது ஊடு நூல் ஓட்டும் கட்டையை, தள்ளப் போகிறேன் என்று கையை நீட்டினால், அவர் பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஓர் இழையை வேண்டுமென்றே அறுத்துவிட்டார். "இதைக் கட்டு பார்ப்போம்." கட்டினேன், முடிச்சுப் பெரிதாக வந்தது, பாவு இழையைத் தூக்கி இறக்கும் விழுதில் மாட்டியது. மறுபடி அறுத்தார். அன்றைக்கு முழுக்க அதேதான், நெய்யவே விடவில்லை. அழுகையே வந்துவிட்டது. "இழை எல்லாருக்கும் அறுகும் கண்ணு. கட்டத் தெரிஞ்சுட்டா அப்புறம் எந்தத் தறிலயும் உக்காரலாம்" என்றார். மறுநாள்தான் நாடா. நெய்த துண்டின் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. யாரும் அதை வெட்டிப் போடவும் இல்லை, ஆஹா ஓஹோ என்று புகழவும் இல்லை. ரொம்ப நாள் எங்கள் வீட்டில் சோற்றுப் பானை இறக்கும் துணியாக இருந்தது அது.

அப்பா ஐந்தாவதோடு நின்றவர். ஆனால் அவர் செய்ததைத்தான் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு கட்டுரையாக எழுதி, அதற்கப்புறம் அந்தத் துறையே அதைச் சுற்றி வளர்ந்தது. ஒரு காரியத்தை என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது, தானே செய்தது. வெறும் வார்த்தையால் வந்த நம்பிக்கை, எதிரே ஒரு தோல்வி வந்ததும் சீக்கிரம் கரைந்துவிடும் என்றும் அவரே சொல்கிறார். உங்கள் பயிற்சி முகாம் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் முன்பின் தெரியாத ஒருவர் வாயால் சொல்ல வைக்கிறது.

இன்னொன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில அரசு 1986-இல், மக்களின் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழு போட்டது. தன்னைப் பற்றி உயர்வாக நினைக்க வைத்துவிட்டால் படிப்பு வரும், குற்றம் குறையும், எல்லாம் சரியாகும் என்ற எதிர்பார்ப்பு. 1990-இல் அறிக்கையும் வந்தது. பிள்ளைகளை "நீ தனித்துவமானவன்" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் பெரிய அலையாகப் பரவியது. 2003-இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்ததில், சுயமதிப்பை ஏற்றிவிடுவதால் படிப்பு முன்னேறுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, நன்றாகச் செய்தவர்களுக்குச் சுயமதிப்பு கூடுகிறது என்பதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று வந்து நின்றார்கள். வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டியிருக்கிறார்கள். நாம் இப்போது அதையே காசு கொடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சேலத்தில் எந்தத் தன்னம்பிக்கைக் கூட்டம் போட்டாலும் மாரியப்பன் தங்கவேலு கதை வரும், கிரிக்கெட் நடராஜன் கதை வரும். வரட்டும், நம் ஊர்ப் பெருமை. மாரியப்பன், ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து காலில் ஏறி அடிபட்ட பையன், உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 வெண்கலம். இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, பேச்சாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார். அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. கம்பியை எடுத்தவுடன் 1.89-இல் வைக்க மாட்டார்கள். கீழே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஒரு முறை தட்டிவிட்டால் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள், தொடர்ந்து மூன்று முறை தட்டினால்தான் ஆட்டம் முடியும். உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினவரும் பெரும்பாலும் கடைசியில் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் களத்தை விட்டு வருவார், ஏனென்றால் ஜெயித்த பிறகும் இன்னும் ஏற்றச் சொல்லித் தாண்டிப் பார்ப்பார். உங்கள் கல்லூரியில் எந்த வேலைக்காவது மூன்று முயற்சி உண்டா? அரியர் என்று பெயர் வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைச் சொல்லாதீர்கள்.

நடராஜன் கதையிலும் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. சின்னப்பம்பட்டியிலிருந்து போய், 2015-இல் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமான கையோடு, பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது. அதைத் திருத்தி, முறையை மாற்றிப் பழகித் திரும்பி வந்தார். 2020 கடைசியில் வலைப் பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். 2015-இல் அவரிடம் யாராவது "உன்னால் முடியும் என்று கத்து" என்று சொல்லியிருந்தால் பந்து வீச்சு திருந்தியிருக்குமா? எங்கே தப்பு என்று துல்லியமாகச் சொல்ல ஆள் இருந்தது, திருத்த நேரம் இருந்தது. நேர்காணலில் தேறாத பிள்ளையிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நான் காதால் கேட்டிருக்கிறேன். "போல்டா பேசணும்மா, கான்ஃபிடன்ஸ் பத்தல." அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை நாளைக் காலையில் எதைத் திருத்தும்?

சரி, தன்னம்பிக்கை இல்லாவிட்டால் தொழிலில் என்ன நட்டம் என்றும் சொல்லிவிடுகிறேன், இதை ஏதோ மனசு சம்பந்தப்பட்ட மென்மையான விஷயம் என்று நினைக்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பில் போடும் மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பைசாவை ரூபாய்க்குச் சரிசெய்யும் இடத்தில் ஒரு தப்பு என் கண்ணில் பட்டது. தள்ளுபடியும் வரியும் சேர்ந்து வரும்போது மட்டும் கணக்கு ஒரு ரூபாய் தள்ளிப் போனது. எனக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை சீனியர்கள் பார்த்திருக்கிறார்களே, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளரின் கடைகளில் ஆயிரக்கணக்கான பில்கள் அந்த ஒரு ரூபாய் வித்தியாசத்தோடு போயிருந்தன. கூட்டத்தில் டீம் லீடர் கேட்டார், "நீதானே டெஸ்ட் பண்ணே, இது தெரியலையா?" தெரிந்தது என்றேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் வருடம் இரண்டாவது வாரம் உட்கார்ந்ததுதான் பதில், அதை அவரிடம் எப்படிச் சொல்வது.

எனக்கு மட்டும் இருக்கும் கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்று இரண்டு பெண் உளவியலாளர்கள் 1978-இலேயே எழுதியிருக்கிறார்கள். நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வந்த பெண்கள்கூட, நமக்கு இந்த இடத்துக்குத் தகுதியில்லை, எப்படியோ உள்ளே வந்துவிட்டோம், ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று உள்ளுக்குள் பயந்தே வாழ்கிறார்களாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கு இந்தப் பயத்தை யாரும் ஆராய்ந்து சொல்லவே தேவையில்லை. 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத இடம் தனியாகக் கிடைக்கிறது, கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்கிறது, எவ்வளவோ பெரிய விஷயம். ஆனால் அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பறையில் போய் எழுந்து நிற்பதும் நிற்காததும் அரசாணையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் சிலர், அதிகப்பிரசங்கிகளையும் நாங்கள் பார்க்கிறோமே என்பீர்கள். நானும் பார்க்கிறேன். "ஜாவா முழுக்கத் தெரியும் மேம்" என்பான், இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவான். டன்னிங், குரூகர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1999-இல் காட்டினார்களே, ஒரு விஷயத்தில் குறைவாகத் தெரிந்தவர்களுக்குத் தங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதும் சேர்ந்தே தெரிவதில்லை என்று, அந்தக் கேஸ். கத்தச் சொல்லிக் கொடுக்கும் முகாம் கூச்சக்காரப் பிள்ளைக்கு ஒன்றும் செய்வதில்லை, இவனைத்தான் இன்னும் ஏற்றிவிடுகிறது.

நான் கார் ஓட்டப் பழகியது 34 வயதில். லாரி ஓட்டிய மாமாதான் வாத்தியார். ஊருக்குள் ஓரளவு ஓட்டியதும் ஏற்காடு மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். 20 கொண்டை ஊசி வளைவு, நம்பர் போட்டு வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஏறியது பெரிதில்லை. மேலே ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு, ஜெயித்த நினைப்பில் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், அப்போதுதான் மாமா பேசினார். "ஏர்றப்ப எந்த கியரோ, இறங்குறப்பவும் அதே கியர். பிரேக்க மட்டும் நம்புனா பாதி மலைல சூடாகிக் கைவிட்டுரும். மேல ஏர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லு." என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தவர்தான் எதை நம்பக்கூடாது என்றும் சொன்னார். இரண்டும் சேர்ந்துதான் எனக்கு ஓட்ட வந்தது. இன்றைக்கும் ஏற்காடு போனால் இறங்கும்போது மியூசிக்கை நிறுத்திவிடுவேன். ஓட்டத் தெரியாதவள் என்று பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் எங்கள் அம்மாவோடு பேரம் பேசி ஜெயித்த கடைக்காரர் யாரும் இல்லை. அதே அம்மா பேங்குக்குள் நுழைந்ததும் குரல் இறங்கிவிடும், படிவத்தை யாராவது நிரப்பித் தரும்வரை ஓரமாக நிற்பார். கல்யாண வீட்டில் இருநூறு பேர் சமையலைத் தனியாக நின்று பார்ப்பார், ஆனால் டாக்டரிடம் என்ன மாத்திரை என்று கேட்க மாட்டார். அம்மாவுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா இல்லையா? எதில் என்று கேட்காவிட்டால் இந்தக் கேள்விக்கு அர்த்தமே கிடையாது. தன்னம்பிக்கையை ஏதோ உயரம், எடை மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று நினைத்து மார்க் போடுகிறோம், நேர்காணல் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்கிறது. அம்மாவை நான் மாற்றியது ஒன்றும் பேசி இல்லை. வாரம் ஒரு நாள் பேங்குக்குக் கூட்டிப் போய், நான் வாசலில் நின்றுகொண்டு அவரை மட்டும் உள்ளே அனுப்பினேன். முதல் தடவை என்னை நன்றாகத் திட்டினார். ஆறாவது தடவை கவுன்ட்டரில் இருந்தவரிடம் வட்டி ஏன் குறைந்தது என்று கேட்டுவிட்டு வந்தார்.

இப்போது எனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும் பகுதி. அதே நேர்காணலில் ஒரு பையன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், எல்லோரும் மனப்பாடம் செய்துவரும் அதே நாலு வரி ஆங்கிலம், மூன்றாவது வரியில் மறந்துவிட்டது. அப்படியே நின்றான். ஆத்தூர்ப் பக்கம், அம்மா அப்பா இரண்டு பேருக்கும் சேகோ ஆலையில் வேலை என்று தாளில் இருந்தது. "தமிழ்லயே சொல்லுப்பா, ஜவ்வரிசி எப்படிச் செய்யறாங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு வந்ததும் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுவதில் ஆரம்பித்தான். தோல் சீவி, கழுவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை எடுத்துக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, களத்தில் காயப்போடுவது வரைக்கும், நடுவே எந்த இடத்தில் தண்ணீர் வீணாகிறது, திடீர் மழை வந்தால் களத்தில் எவ்வளவு நட்டம், அதற்கு ஒரு சென்சார் வைத்தால் என்ன ஆகும் என்று அவனே யோசித்து வைத்திருந்ததையும் சேர்த்து, எட்டு நிமிடம் மூச்சு விடாமல் சொன்னான். கை பேசியது, கண் என்னைப் பார்த்தது, கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை படிப்படியாகப் பிரித்து, எங்கே தப்பு வரும் என்று பார்க்கத் தெரிந்தவன். டெஸ்டிங் வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவனை நாங்கள் எடுக்கவில்லை. குழுவில் மற்ற இருவரும் 'கம்யூனிகேஷன்' கட்டத்தில் குறைவாகப் போட்டார்கள். நான் கொஞ்சம் வாதாடினேன், கொஞ்சம்தான். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, இன்னும் நாற்பது பேர் வெளியே காத்திருந்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். பில் மென்பொருளில் செய்த அதே காரியம், 14 வருடம் கழித்து. அதனால் இந்த மடலை நீங்கள் குற்றப்பத்திரிகையாகப் படிக்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் என் பெயரும் இருக்கிறது.

என் நிறுவனத்தில் இதைப் பேச ஆரம்பித்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் பிள்ளைக்கு வசதியான மொழியில் கேட்பது என்பதற்கு மட்டும் இப்போதைக்கு அரைமனதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் கேட்பதற்கும் என்னிடம் சில விஷயங்கள் இருக்கின்றன. எதற்கும் பெரிய செலவில்லை, அந்தப் பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையில் பாதி போதும்.

முதல் செமஸ்டரிலேயே ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து நிமிடம் எழுந்து நின்று, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில், வகுப்புக்கு விளக்கட்டும். கொலுசுப் பட்டறை வேலையோ, மல்கோவா மாமரத்தைக் கவாத்து செய்வதோ, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் போடுவதோ, எதுவானாலும். ஆங்கிலம் அதன் மேல் ஏறி வரும், வரவும் வேண்டும். நான் ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, சோறு போடுவதே அதுதான். ஆனால் எழுந்து நிற்கப் பழகாத பிள்ளைக்கு எந்த மொழி தெரிந்தும் என்ன?

அப்புறம் அந்த அபராதத்தை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. லேப்பில் உடைவதற்கென்று வருடத்துக்கு ஒரு தொகையைக் கணக்கிலேயே ஒதுக்கி வையுங்கள். உடைக்காமல் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை, தறியிலும் இல்லை கம்ப்யூட்டரிலும் இல்லை. ப்ராஜெக்ட் சின்னதாக, அசிங்கமாக, ஓரம் நெளிந்து இருந்தாலும் அந்தப் பிள்ளையே செய்ததாக இருந்தால் அதற்கு அதிக மார்க் என்று வைவா எடுக்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மேடைக்குப் பெரிய பெரிய சாதனையாளர்களைக் கூப்பிடுவதற்குப் பதில், இரண்டு வருடம் முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று கம்பெனியில் தோற்று, நான்காவதில் நுழைந்த பையனையோ பெண்ணையோ கூப்பிடுங்கள். மாரியப்பனைப் பார்க்கும் பிள்ளை கைதட்டும். பக்கத்துத் தெரு அக்காவைப் பார்த்தால்தான் நாமும் முயற்சி செய்யலாமே என்று தோன்றும்.

நேர்காணல் அறையில் துறைத் தலைவர்கள் யாரும் நிற்கக்கூடாது என்பதும் ஒன்று. அக்கறையில்தான் நிற்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் வெளியே இருங்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் ஊரில் இருப்பேன். உங்களில் யாராவது சம்மதித்தால் ஒரு மதியம் வருகிறேன், காசு வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம், எங்கள் வீட்டில் ஏற்கெனவே வேட்டி துண்டு நிறைய இருக்கிறது. முதல் வருடப் பிள்ளைகளாக அறுபது பேருக்கு மேல் வேண்டாம். ஆடிட்டோரியம் வேண்டாம், ஒரு லேப்பைத் திறந்து வையுங்கள். ஏற்கெனவே நான் வேண்டுமென்றே தப்பு வைத்த ஒரு சின்ன ப்ரோக்ராமைக் கொண்டுவருகிறேன், அறுபது பேரும் சேர்ந்து அது எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கட்டட்டும். தட்டுவடை செட் நான் வாங்கி வந்துவிடுகிறேன், மைக் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டைத் தறிக்காரர் மகள்